ஒரு வரி போடுங்கள்: துறையூர் வட்டார வாட்ஸ்அப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்களுக்கு,

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். பேருந்து நிலையத்தில் பார்த்தால் தலையசைத்துக்கொள்கிறோம். முகூர்த்த நாளில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருவர் தெருக் குழுவுக்கு அட்மின், ஒருவர் பங்காளிகள் குழுவுக்கு, இன்னொருவர் பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்களின் குழுவுக்கு. வெங்காயம் போடுகிறவர்களின் குழு, பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் குழு, திருவிழாக் குழு, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளை ஊரோடு கட்டிவைத்திருக்கும் குழு என்று உப்பிலியபுரம் முதல் செங்காட்டுப்பட்டி வரை, கண்ணனூர் முதல் சோபனபுரம் வரை எங்கும் நீங்கள் இருக்கிறீர்கள். இந்தப் பதவியை நீங்கள் கேட்டு வாங்கவில்லை. யாராவது ஒருவர் எண்களைச் சேர்க்க வேண்டியிருந்தது, நீங்கள் சேர்த்தீர்கள். ஆனால் இன்று இரவு ஒன்பது மணிக்கு வரும் ஒரு செய்தி, பத்து மணிக்குள் நம் வட்டாரத்தில் எத்தனை வீட்டுக்குள் நுழையும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இதைக் கலெக்டருக்கோ காவல்துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நானும் ஓர் அட்மின்தான். அப்பா வழிச் சொந்தங்கள் 61 பேர் இருக்கும் குடும்பக் குழு என்னுடையது. மூன்று வருடங்களுக்கு முன் அதில் ஓர் ஒலிப்பதிவு வந்தது. தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்ட ஓர் ஆண் குரல். பெயர் இல்லை, எந்த ஊர் என்றும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, ஒரு மண்டலம் கஷாயம் குடித்தால் போதும், மாத்திரைக் கம்பெனிகள் இதை மறைக்கிறார்கள் என்று நிதானமாக, அக்கறையாகப் பேசியது. அதைப் போட்டவர் என் பெரிய மாமா. கேட்ட நிமிடமே அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே எட்டுப் பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை. மாமா எனக்குக் கல்லூரிக்குப் பணம் கட்டியவர். அத்தனை பேர் முன்னால் அவரிடம் போய் எப்படி, 'இது தப்பு மாமா' என்று எழுதுவது?

என் அத்தை, மாமாவின் மனைவி, அன்றிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்து ஆறாமல் இருந்தது. ஐந்தாவது மாதம் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா என்னிடம், "உனக்குத் தெரியும்லப்பா, அன்னிக்கே ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி அவர் கேட்டார்.

வதந்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், மக்களுக்கு விவரம் போதவில்லை என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கு விவரம் இருந்தது. வாய்தான் வரவில்லை. உங்களிலும் பாதிப் பேருக்கு மேல் என்னைப் போலத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குழுவில் வருவதில் எது பொய் என்று உங்களுக்குத் தெரிகிறது. போட்டவர் மூத்தவர், சம்பந்தி, முதலாளி, ஊர்ப் பெரியவர். ஆகவே பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறீர்கள். அந்த மௌனத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

2018 மே 9-ஆம் தேதி என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கும்பிடக் காரில் வந்தது. மலேசியாவிலிருந்து வந்த உறவுக்காரரும் கூட இருந்தார். வழி கேட்க நிறுத்திய இடத்தில், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு 65 வயது மூதாட்டி ஒருவர் சாக்லெட் கொடுத்தார். அந்த வட்டாரத்துக் கைபேசிகளில், வடநாட்டுப் பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற ஒலிப்பதிவுகளும் படங்களும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. கூட்டம் கூடியது. அடித்தார்கள். மூதாட்டி இறந்துபோனார், உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஓர் ஆளை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவரும் பிள்ளை பிடிக்க வந்தவர் இல்லை.

அந்த மாதங்களில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் ஒரு குழந்தை நல அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே பைக் திரும்பி வரும், சிறுவனை இறக்கிவிடுவார்கள், பிள்ளையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு யாரோ அனுப்பினார்கள். பிள்ளையைக் காப்பாற்ற எடுத்த படம் அப்பாவிகள் மேல் கையோங்க வைத்தது. 2018 ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில், ஊர் ஊராகப் போய் யாசிக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று அடித்தே கொன்றார்கள்.

நம் பக்கத்தை யோசியுங்கள். குலதெய்வக் கும்பிடுக்கு என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் பிடித்து வருகிறவர்கள் நம் ஒவ்வொரு கிராமத்துக்கும் உண்டு. வழி மறந்துபோயிருக்கும். எல்லைக்கோயில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கையில் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், அது நம் பழக்கம். பெருமாள்மலைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். புளியஞ்சோலைக்குக் குளிக்க வருகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. குடுகுடுப்பைக்காரரும் பூம்பூம் மாட்டுக்காரரும் பாய் விற்கிறவரும் நம் தெருக்களில் இன்னும் நடக்கிறார்கள். அத்திமூரில் நடந்தது நம் ஊரில் நடக்காமல் போனதற்கு, நாம் அவர்களைவிட நல்லவர்கள் என்பது காரணம் என்று நான் நம்பவில்லை. அந்த வாரம் அந்தச் செய்தி அந்த ஊரில் சூடாக இருந்தது. வேறு வாரம் வேறு ஊரில் இருந்திருக்கலாம். 2024 தொடக்கத்தில் அதே வதந்தி தமிழ்நாட்டில் மீண்டும் எழுந்தது. சென்னை பம்மலில் ஒரு திருநங்கையைக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். ஆறு வருடம் கழித்தும் அதே கதைதான்.

அது எப்படி ஆறு வருடம் உயிரோடு இருந்தது? அதில் தேதி இல்லை. கல்யாணப் பத்திரிகையில் தேதி உண்டு, கருமாதிப் பத்திரிகையில் தேதி உண்டு, ரேஷன் கடை வாசலில் ஒட்டும் தாளில்கூட உண்டு. குழுவில் வரும் எச்சரிக்கையில் மட்டும் எப்போதும் 'நேற்று' என்றுதான் இருக்கும். நேற்று என்பது தினமும் வரும், ஆகவே அந்தப் பொய்க்கு வயதாகாது. அதைப்போலவே அதற்கு வாயும் இல்லை. முன்பு தண்டோரா போட்டால், போடுகிறவர் யார், போடச் சொன்னது யார் என்று ஊருக்குத் தெரியும். தப்பான செய்தி என்றால் மறுநாள் அவரைப் பிடித்துக் கேட்கலாம். இன்று 'என் தம்பி போலீஸில் இருக்கிறான், அவன் சொன்னான்' என்று ஒரு குரல் வருகிறது. யாருடைய தம்பி, எந்த ஸ்டேஷன்? மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் கசக்கிறது: அந்தக் குரல் நம் அன்பைப் பிடித்துத்தான் இழுக்கிறது. உங்கள் பிள்ளை பத்திரம், உங்கள் அம்மாவின் உடம்பு பத்திரம், உங்கள் சாதிப் பெண்ணின் மானம் பத்திரம் என்கிறது. அனுப்புகிறவர் கெட்டவர் இல்லை. என் மாமா அத்தையின் மேல் பாசம் வைத்துத்தான் அந்த ஒலிப்பதிவை அனுப்பினார்.

மூன்றாவதாகச் சொன்னது எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் பக்கத்து மாவட்டத்திலேயே பார்த்தோம். 2019 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்த அந்த நாட்களில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒரு வாட்ஸ்அப் ஒலிப்பதிவால் பொன்னமராவதி கலவரமானது. கல் பறந்தது, தடையுத்தரவு போட வேண்டியதாயிற்று. யாரோ சில வாய்கள் பேசிய அசிங்கம், அதுவரை அதைக் கேட்டிராத பல்லாயிரம் பேரின் காதுக்குப் போனது எப்படி? 'எவ்வளவு திமிர் பாருங்கள்' என்று கோபத்தோடு அனுப்பியவர்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கண்டிக்க அனுப்பினாலும் பரப்புவதுதான். அட்மின்களாகிய நீங்கள் இதை உங்கள் குழுவில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்.

2023 மார்ச்சில் நாம் மறுபக்கத்தில் நின்றோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று பீகாரைச் சேர்ந்த இரண்டு தரப்பினர் தங்களுக்குள் சண்டையிட்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு வெளிப்படையாக விளக்கினார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூர், கோவை என்று நேரில் வந்து பார்த்தார்கள். வதந்தியைப் பரப்பியவர்கள், ஹோலிக்கு ஊருக்குப் போகக் கிளம்பிய கூட்டத்தையே தப்பி ஓடும் கூட்டமாகக் காட்டியிருந்தார்கள். நாம் கொதித்தோம், நியாயமாகத்தான் கொதித்தோம். நம்மைப் பற்றிய பொய் பீகாரில் ஒரு தாயைத் தூங்கவிடாமல் செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போது புரிந்தது. அதே தாயின் மகன் நம் ஊரில் சென்ட்ரிங் வேலைக்கோ ஓட்டல் வேலைக்கோ வந்திருக்கும்போது, அவனைப் பற்றி நம் குழுக்களில் என்ன ஓடுகிறது என்பதையும் அதே கண்ணால் பாருங்கள் என்று உங்களைக் கேட்கிறேன்.

பெற்றோர் குழு அட்மின்களுக்குத் தனியாக ஒரு சொல். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் 9 மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்காகத் தொடங்கியபோது, ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் கிளம்பிய பீதியால் பள்ளிகளில் பெற்றோர் ஒப்புதல் தர மறுத்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானபோது என்ன நடந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஊசிதான் காரணம் என்ற பேச்சை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள் முன்னால், மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் வந்து நின்றது. மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்ற ஆய்வுக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வந்தது. விவசாயக் குழு நடத்துகிறவர்களுக்கு 2020 தொடக்கம் நினைவிருக்கும்: கோழி தின்றால் கொரோனா வரும் என்ற ஒரு வரி நம் எல்லை மாவட்டமான நாமக்கல்லின் கறிக்கோழியையும் முட்டையையும் கொள்வாரில்லாமல் ஆக்கியது. 

இதை மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பார்த்தார்கள். 2018-இல் அத்தனை சாவுக்குப் பிறகு வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் அதற்குப் பின் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ஒரு சின்ன வேகத்தடைக்கே அவ்வளவு பலன் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. யூடர்ன் போன்ற சரிபார்ப்பாளர்கள் அதற்கும் பல வருடம் முன்பிருந்தே இந்த வேலையைச் செய்கிறார்கள். அரசைப் பற்றிய செய்திக்கு அரசே நடுவராக இருப்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மத்திய அரசு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தபோது 2024-இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. அவர்கள் எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும், ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் எல்லோர் கண்ணுக்கும் படும்படி கிடப்பதைத்தான் பார்க்க முடியும். உங்கள் குழுவுக்குள் என்ன ஓடுகிறது என்பது சென்னையில் இருப்பவருக்குத் தெரியாது, கலெக்டருக்குத் தெரியாது, செய்தி பூட்டிய உறையில் போவதால் அந்தக் கம்பெனிக்கும் தெரியாது. உள்ளே இருப்பது நீங்கள் மட்டும்.

இது என் வருத்தத்திலிருந்து வந்த பேச்சு மட்டுமில்லை. ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதே பக்கம்தான் காட்டுகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூன்று பேர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்திகளின் போக்கை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் ஆனது. அதற்குக் காரணம் எந்திரக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான் என்றும் எழுதினார்கள். நம் நாட்டிலேயே ஒருவர் மருந்து தேடினார். சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் 1,224 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். வீடு தேடிப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து, போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தந்தார்கள். பெரிய மாற்றம் ஒன்றும் வரவில்லை. வெளியாள் வந்து ஒரு நாள் வகுப்பெடுத்துவிட்டுப் போனால் நம் மனசு மாறிவிடுமா என்று யோசித்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் அவரே சைமன் ஷோஷார் என்பவரோடு சேர்ந்து வேறொன்றையும் ஆராய்ந்தார். குழுவில் ஒருவர் ஒரு பொய்யைப் போடுகிறார். அடுத்தவர் கீழே, 'இது உண்மை மாதிரி தெரியல' என்று ஒரு வரி போடுகிறார். ஆதாரம் இல்லை, சுட்டி இல்லை, வெறும் ஒரு வரி. அந்த ஒரு வரியே அந்தப் பொய்யின் மேல் படிக்கிறவர்களுக்கு இருந்த நம்பிக்கையைக் குறைத்தது. எனக்கு இதைப் படித்தபோது அந்த வராந்தா நினைவுக்கு வந்தது. நான் மருத்துவ நூல் எழுதியிருக்க வேண்டியதில்லை. மாமாவை மறுத்து வாதாட வேண்டியதில்லை. 'மாமா, இது சரின்னு தெரியல, டாக்டரைக் கேட்காம யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்' என்று ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். அத்தை அதைப் படித்திருப்பார்.

அதே பீகாரில் பின்னால் 583 கிராமங்களில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். இம்முறை ஒரு நாளோடு விடாமல், பதினான்கு வாரங்களில் நூலகங்களில் திரும்பத் திரும்ப வகுப்பு நடந்தது. பிள்ளைகள் தேறினார்கள், நான்கு மாதம் கழித்துக் கேட்டபோதும் மறக்கவில்லை. வகுப்புக்கே வராத பெற்றோர்களும் தேறியிருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. அதற்கு முன்பே, 2018-இல், கேரளத்தின் கண்ணூரில் அப்போதைய கலெக்டர் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தி பற்றி வகுப்பு தொடங்கினார். ஆக வழி இல்லாமல் இல்லை. பழகிய ஆட்கள், பழகிய இடம், திரும்பத் திரும்ப. இந்த மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும், என்னிடமும் அவை இருந்தன. உறவு கெட்டுப்போகும் என்பது முதலாவது. இதற்கு நான் கண்ட வழி இது: பெரியவர் ஒருவர் தப்பாக ஒன்றைப் போட்டால், குழுவில் ஒரு பொதுவான வரி மட்டும் உடனே போட்டுவிடுகிறேன். பெயர் சொல்வதில்லை. பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களே ஒரு வார்த்தை போட்டுட்டீங்கன்னா எல்லாரும் கேப்பாங்க" என்று சொல்கிறேன். பத்தில் ஆறு ஏழு பேர் போடுகிறார்கள். தப்பைத் திருத்திய பெருமை அவருக்கே போகட்டும். அந்த வராந்தாவுக்குப் பிறகு இப்போது எங்கள் குழுவில், 'இதை விசாரிச்சீங்களா' என்று முதலில் கேட்பவர் என் பெரிய மாமாதான்.

இரண்டாவது, கட்சிக்காரன் என்று பெயர் வரும் என்பது. தேர்தல் நெருங்கினால் எல்லாக் கட்சிகளின் ஐடி விங்கும் நம் குழுக்களைத் தேடி வருகின்றன. திருவிழா வசூல் கணக்குப் போட வைத்த குழுவில் ஒரு மாதத்தில் சுவரொட்டியும் வசையும் நிறைந்துவிடுகிறது. உங்களுக்குப் பிடித்த கட்சியின் பொய்யை முதலில் நிறுத்துங்கள். அதை ஒரு தடவை செய்து காட்டிவிட்டால், பிறகு எந்தப் பக்கத்துப் பொய்யை நிறுத்தினாலும் யாரும் உங்களைப் பழிக்க முடியாது. இது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மூன்றாவது, வழக்கு வருமோ என்ற பயம். அடுத்தவர் போட்டதற்காக அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்ற பக்கமே நீதிமன்றங்கள் நிற்கின்றன. 2021 டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் தொடர்ந்த வழக்கில், அவர் அட்மின் வேலை மட்டும் பார்த்திருந்தால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க வேண்டாம் என்று மதுரைக் கிளை சொன்னது. ஆகவே நான் சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த வரவில்லை. நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும், அதற்காக மட்டும் நீதிமன்றம் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடாது என்றே நினைக்கிறேன். தெரிந்தே கேட்கிறேன்.

கேட்பது இதுதான். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி என்றால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அதில் பயமோ கோபமோ ஏற்றும் சங்கதி இருந்து, தேதியும் இடமும் சொன்ன ஆளும் இல்லாமல் இருந்தால், பத்து நிமிடத்துக்குள் கீழே ஒரு வரி போடுங்கள்: 'இது உறுதியாகவில்லை, யாரும் மேலே அனுப்ப வேண்டாம்.' உண்மையா பொய்யா என்று நீங்கள் அந்த நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நிறுத்தி வைத்தால் போதும். பிள்ளை பிடிப்பவர், சாதிச் சண்டை, கோயில், மசூதி என்று ஊரைத் தொடும் விஷயமாக இருந்தால், அட்மினுக்கு இருக்கும் உரிமையைப் பயன்படுத்தி அதை எல்லோருக்குமாக அழித்துவிட்டு, அன்றிரவு அட்மின் மட்டும் பேசும்படி குழுவை மாற்றி வையுங்கள். விடிந்ததும் திறந்துவிடலாம். காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, கேட்டதை அதே குழுவில், பொய் விழுந்த அதே இடத்தில் எழுதுங்கள். பொய் அறுபது பேருக்கும் போய், திருத்தம் ஒருவர் காதில் மட்டும் விழுந்தால் என்ன பயன்?

அடுத்ததாக, நாம் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். ஒரே ஒலிப்பதிவு ஒரே இரவில் எரகுடியிலும் கொப்பம்பட்டியிலும் வைரிசெட்டிப்பாளையத்திலும் விழுகிறது. ஒவ்வோர் அட்மினும் தனித்தனியாகத் திகைத்து நிற்கிறோம். அட்மின்களுக்கென்றே ஒரு குழு இருந்து, அதில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர், ஒரு விஏஓ, ஓர் ஆசிரியர், இந்தி தெரிந்த ஒருவர் இருந்தால், ஒருவர் விசாரித்ததை மற்ற எல்லோரும் கால் மணி நேரத்தில் தங்கள் குழுவில் போட்டுவிட முடியும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து தொடங்கலாம் என்பது என் விண்ணப்பம். நூலகமோ, ஏதாவது ஒரு பள்ளி வகுப்பறையோ போதும். உங்கள் வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

அங்கே சொற்பொழிவு இருக்காது. வில்லியம் மெக்வயர் என்ற உளவியலாளர் 1960-களிலேயே ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: ஏமாற்றும் வித்தையைக் கொஞ்சமாக, முன்கூட்டியே காட்டிப் பழக்கிவிட்டால், பின்னால் பெரிதாக வரும்போது மனசு ஏமாறாது, அம்மை ஊசி போலத்தான் என்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் அதை வைத்து ஒரு விளையாட்டே செய்தார்கள். அதில் விளையாடுகிறவர் தானே பொய்ச் செய்தி தயாரிக்க வேண்டும், அப்படித் தயாரிக்கும்போது தந்திரம் பிடிபட்டுவிடும். நமக்கு அந்த விளையாட்டு வேண்டியதில்லை. நம் கைபேசியில் இருப்பதே போதும். ஒன்றை எடுத்து எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்: இதில் தேதி எங்கே, யார் வாய், எதைக் காட்டி நம்மை இழுக்கிறது, எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

ஆகவே இந்த மாதம் உங்கள் குழுவில் வருவதை எல்லாம் அழித்துவிடாதீர்கள். உங்களுக்குச் சந்தேகம் வந்தும், போட்டவரின் முகத்துக்காக நீங்கள் பேசாமல் விட்ட ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டவர் பெயரை மறைத்துவிடுங்கள். அதோடு வாருங்கள். நான் அந்தக் கஷாய ஒலிப்பதிவோடு வருகிறேன், இன்னும் அதை வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன், ஒரு குடும்பக் குழுவின் அட்மின்,
துறையூர்